உரிமை இருக்கிறது, ஆனால் யாரிடம்?

மலேசியாவின் பினாங்குத் தீவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நான்கு பக்கம் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்பிய கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 41 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 16 வருடமாக டெக்னீஷியன். இவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பக்கத்தில், ஒரு பாலர் பள்ளியை ஒட்டி, பிள்ளைகள் பந்து விளையாடும் திடல் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டணக் கார் நிறுத்துமிடமாக மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. கணவர் வாட்சாப் குழு தொடங்கி, ஒரு சனிக்கிழமை மாலை நூறு பேரைத் திரட்டிப் பதாகை பிடித்து நிற்க வைத்தார். போலீசுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கூட்டம் அமைதியாகக் கலைந்துவிட்டது. ஆனால் அன்று இரவே கம்பெனிச் சட்டையோடு முகநூல் நேரலையில் வந்து, ஓர் உள்ளூர்ப் பிரமுகரின் பெயரைச் சொல்லி, "காசு வாங்கிட்டான், திருடன்" என்று பேசிவிட்டார். வீடியோ பரவியது. இரண்டு வாரம் கழித்து ஒரு இன்ஸ்பெக்டர் போன் செய்து, செவ்வாய்க்கிழமை நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொன்னார். அதே வாரம் கம்பெனியிலிருந்து காரணம் கேட்டுக் கடிதம், 7 நாளில் பதில் வேண்டும் என்று.

"இது என் உரிமை, ஆர்டிக்கல் 19 இருக்கு, 66ஏ-வை கோர்ட்டே தூக்கிருச்சு, மிஞ்சிப்போனா முன்ஜாமீன் எடுத்துக்கலாம்" என்கிறார் கணவர். மாமியார், "நமக்கு இந்த நாட்டுல என்ன உரிமை இருக்கு, 2007-ல பாத்தோமே, வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு" என்று அழுகிறார். நடுவில் மாட்டிக்கொண்ட சகோதரி என்னிடம் முக்கியமாகக் கேட்பது இரண்டு: அவர் தூங்கும்போது வீடியோவை அழித்துவிடட்டுமா? பிரச்சினை பெரிதாகுமுன் வேலையை விட்டுவிடச் சொல்லட்டுமா?

அன்புச் சகோதரி,

வீடியோவை அழிக்காதீர்கள். இன்றிரவே செய்துவிடுவீர்களோ என்ற பயத்தில் இதை முதல் வரியிலேயே சொல்கிறேன். போலீஸ் கூப்பிட்ட பிறகு அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாகப் பார்க்கப்படும், அதற்குத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமே உண்டு. அதோடு, ஊரெல்லாம் பரவியிருப்பது அந்த 20 விநாடித் துண்டுதான். முழு வீடியோவில் திடலைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, பத்து நிமிடம் நிதானமாகப் பேசியிருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் எந்த எண்ணத்தோடு பேசினார் என்பதைக் காட்டப்போவது அந்தப் பத்து நிமிடம்தான். அதைப் பத்திரமாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பொதுப்பார்வையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை, வழக்கை எடுத்துக்கொள்ளும் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும்.

வேலையையும் விடச் சொல்லாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஆர்டிக்கல் 19 நம்முடையது அல்ல

உங்கள் கணவர் தமிழ்நாட்டு வழக்கறிஞர்களின் யூடியூப் பேச்சை நிறையக் கேட்கிறார் என்று தெரிகிறது. அவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் சொல்வது இந்தியச் சட்டத்தை. ஆர்டிக்கல் 19 இந்திய அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பிரிவு. இணையப் பதிவுகளுக்காகத் தண்டிக்க வழிசெய்த 66ஏ பிரிவை 2015-ல் ரத்து செய்தது இந்திய உச்ச நீதிமன்றம். நம் நீதிமன்றங்கள் அதைப் படிக்கும், மதிக்கும், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. முன்ஜாமீன் என்ற ஏற்பாடு நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கிடையவே கிடையாது. அதை நம்பிக்கொண்டு செவ்வாய்க்கிழமை போக வேண்டாம்.

நமக்கு இருப்பது கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு. ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமை உண்டு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை உண்டு, சங்கம் சேரும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. குடிமகன் என்றுதான் இருக்கிறது, இந்த இனத்துக் குடிமகன் என்று இல்லை. இதை உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் அதே பிரிவு அடுத்த வரியிலேயே நாடாளுமன்றத்துக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பிற நாடுகளோடு உறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்தைத் தூண்டுதல் போன்ற காரணங்களுக்காகச் சட்டம் போட்டு இந்த உரிமைகளைக் கட்டுப்படுத்தலாம். 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு, 1971-ல் இன்னொரு கதவும் வந்தது: குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலையைச் சொல்லும் 153-ஆவது பிரிவு, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதையே தடை செய்து சட்டம் இயற்றலாம். உங்கள் கணவர் பேசியது கார் நிறுத்துமிடத்தைப் பற்றி, அதனால் அந்தப் பக்கம் பயமில்லை. வீடியோவுக்குக் கீழே யாரோ இனத்தை இழுத்துக் கருத்துப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அவர் பதில் எழுத வேண்டாம், பகிரவும் வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் எனக்கு நகர மனம் வரவில்லை. சுதந்திரத்துக்கு முன் நம் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம், 10-ஆவது பிரிவில் "நியாயமான கட்டுப்பாடுகள்" என்றுதான் எழுதியது, இந்தியாவின் 19-ஆவது பிரிவில் இருப்பதைப் போலவே. ஆணையத்தில் இருந்த பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீத், "நியாயமான" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று மாற்றுக் கருத்து எழுதினார். கடைசியில் அவர் சொன்னபடியே அந்தச் சொல் போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான், ஆனால் அது இல்லாததால், கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிபதிகள் பார்க்க வேண்டியதில்லை என்று பல காலம் வாதாட முடிந்தது. பிறகு 2010-ல், சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், நம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் எழுதிய தீர்ப்பு அந்தச் சொல்லைத் திரும்பப் பிரிவுக்குள் வைத்து வாசித்தது: கட்டுப்பாடு என்றால் நியாயமான கட்டுப்பாடு, அளவுக்கு மீறாத கட்டுப்பாடு. அரசியல் பொறுப்பில் இருப்பவர் வழக்கறிஞர் மன்றத்தில் உறுப்பினராகக் கூடாது என்ற தடையை எதிர்த்த வழக்கு அது. சிவராசா அதில் தோற்றுப்போனார், தடை நியாயமானதே என்றார்கள். ஆனால் அந்த வாசிப்பு நின்றது, பின்னால் வந்த பலருக்கு அதுதான் படிக்கட்டு.

கூட்டத்தைப் பற்றி

உங்கள் கணவருக்கும் அந்தப் படிக்கட்டு உதவுகிறது. அமைதிப் பேரணிச் சட்டம் 2012-ன்படி, ஏற்பாட்டாளர் 5 நாள் முன்னதாக மாவட்டக் காவல்துறைத் தலைவருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் என்றது 9(5) உட்பிரிவு. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2015-ல் யுனேஸ்வரன் வழக்கில் அதே நீதிமன்றத்தின் வேறு அமர்வு செல்லும் என்றது, அப்புறம் பத்து வருடம் குழப்பம். 2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாக, அந்தத் தண்டனைப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று முடித்துவைத்தது. ஆகவே அறிவிப்புக் கொடுக்காததற்காக மட்டும் அவரைத் தண்டிக்க முடியாது. அறிவிக்கும் கடமை இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அடுத்த முறை கொடுத்துவிடுங்கள். அது அனுமதி கேட்பது அல்ல, தகவல் சொல்வது.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, திடலை ஒட்டிய பாலர் பள்ளி. மருத்துவமனை, பெட்ரோல் நிலையம், வழிபாட்டுத் தலம், பள்ளி, பாலர் பள்ளி ஆகியவற்றிலும் அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூட்டம் நடத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. சனிக்கிழமை பள்ளி மூடியிருந்ததே என்பது பதிலாகாது. நீங்கள் நின்ற இடம் எவ்வளவு தூரம் என்று அளந்து, வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது உங்களைப் பற்றியது, சகோதரி. சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு போனதாகவும், பதாகையை அவன்தான் பிடித்திருந்ததாகவும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் படிக்க நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு வயது 13. சமய நிகழ்ச்சி போன்ற சில விலக்குகள் தவிர, 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைக் கூட்டத்துக்கு அழைத்துப் போவது, அழைத்துப் போனவர் மீது வரும் குற்றம். நம் நாட்டில் 18 வயதில் ஓட்டுப் போடலாம், ஆனால் கூட்டம் ஏற்பாடு செய்ய 21 வயது வேண்டும், கலந்துகொள்ள 15 வேண்டும். விளையாட்டுத் திடலைப் பற்றிய கூட்டத்தில் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பது எனக்கு உடன்பாடே இல்லை. ஆனாலும் இன்று சட்டம் அதுதான். பயப்படாமல், இதையும் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாரிடம் காட்டும் உரிமை

உங்கள் கணவரின் பெரிய தவறு இங்கேதான். 10-ஆவது பிரிவு அவருக்கும் அரசுக்கும் நடுவில் நிற்கிறது. அவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்காது, அவருக்கும் அவர் பெயர் சொல்லித் திட்டிய மனிதருக்கும் நடுவிலும் நிற்காது. கர்ப்பமானதற்காக வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் ஃபெர்னாண்டஸ், அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவைக் காட்டிக் கூட்டரசு நீதிமன்றம் வரை போனார். 2005-ல் நீதிமன்றம், இந்தப் பிரிவு அரசு உங்கள் உரிமையை மீறும்போதுதான், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு அல்ல என்று சொல்லிவிட்டது. எனக்கு இன்றும் மனம் ஒப்பாத தீர்ப்பு, ஆனால் கம்பெனிக்கு எழுதும் பதிலில் "ஆர்டிக்கல் 10" என்று ஆரம்பித்தால் ஹெச்.ஆர். அதிகாரி அதைப் பொருட்படுத்தக்கூட வேண்டியதில்லை.

அந்தப் பிரமுகர் விஷயம் இன்னும் கூர்மையானது. "திட்டம் தவறு, யாரிடமும் கேட்காமல் முடிவு செய்தார்கள், வெட்கக்கேடு" என்று எவ்வளவு காட்டமாகவும் பேசலாம், அது கருத்து. "காசு வாங்கிட்டான்" என்பது கருத்து அல்ல, நடந்ததாகச் சொல்லும் செய்தி. அவதூறு வழக்குப் போட்டால் அதை உண்மையென்று நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவர் தலையில். "எல்லாரும் சொல்றாங்க" என்பது நிரூபணம் ஆகாது. நேரலையில் அவர் முகமே இருப்பதால், பதிவிட்டது நானல்ல என்ற பேச்சுக்கும் இடமில்லை. வாட்சாப் குழுவில் மற்றவர்கள் போட்டதிலும் கவனம் வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, ஒரு பதிவில் நிர்வாகி என்று பெயர் தெரிபவரையே, மாறாக நிரூபிக்கும் வரை, வெளியிட்டவர் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியவும் கூடும். ஆனால் வழக்கறிஞர் பார்க்காத மன்னிப்பு, குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதமாகவும் மாறும். அவசரப்படாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை

போக வேண்டும். போனில் கூப்பிட்டதை மட்டும் வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்கீழ் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உத்தரவு வந்தும் போகாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் வாரண்ட் வாங்கலாம். அதுவரை இழுப்பதில் உங்களுக்கு லாபமில்லை. அதற்குள் ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்துகொண்டு, அந்த இன்ஸ்பெக்டரிடம் மரியாதையாக இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? சாட்சியாகவா, சந்தேக நபராகவா?

பெரும்பாலும் பதில், தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவாக இருக்கும், அல்லது தண்டனைச் சட்டத்தின் 500-ஆவது பிரிவு, அதாவது குற்றவியல் அவதூறு. 233 என்றால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 பிப்ரவரியில் அதைத் திருத்தினார்கள். வெறுமனே மனம் புண்படுத்துவது என்றிருந்ததை, மிகக் கடுமையாகப் புண்படுத்துவது என்று மாற்றினார்கள், கூடவே அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000-க்கும், சிறையை ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடத்துக்கும் உயர்த்தினார்கள். பொய்யான செய்தியும் அதில் அடங்கும். ஆனால் எரிச்சலூட்டும், மிரட்டும், தொல்லை தரும் நோக்கத்தோடு செய்தாரா என்பதையும் அரசுத் தரப்பு காட்ட வேண்டும். அந்தப் பத்து நிமிட வீடியோவை வைத்திருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

வாக்குமூலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்கீழ் எடுப்பார்கள். அறைக்குள் வழக்கறிஞரை அனுமதிக்காமல் வெளியே காத்திருக்கச் சொல்வது வழக்கம்தான், அதற்காக அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். உள்ளே கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்க அதே பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. "அதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்கிறேன்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். பொய் சொல்வதற்கும் பதில் சொல்ல மறுப்பதற்கும் நடுவில் மலையளவு வித்தியாசம், அவர் கோபக்காரர் என்று எழுதியிருப்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புங்கள். வாக்குமூலத்தை அவர் பேசிய மொழியில் வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அவருக்குத் தமிழில்தான் சரளமாக வரும் என்றால், தமிழில் சொல்கிறேன் என்று முதலிலேயே கேட்கட்டும். புரியாத ஒரு வரிக்குக் கீழே கூட கையெழுத்துப் போட வேண்டாம்.

போனை எடுத்து வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். முக்கியமான எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பிள்ளைகளின் படங்களைப் பிரதி எடுத்துவிடுங்கள், போனை எடுத்துக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் சோதனையின்போது கடவுச்சொல் கேட்கும் அதிகாரமும் இருக்கிறது, அங்கே நின்று சண்டை போட வேண்டாம்.

ஒருவேளை கைது செய்தால் அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவைவிட 5-ஆவது பிரிவுதான் அவருக்குத் துணை. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், தான் விரும்பும் வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்லும் உரிமையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உண்டு. இந்த வகைக் குற்றத்துக்கு முதல் தடவை 4 நாள், இரண்டாம் தடவை 3 நாள், அதற்கு மேல் ரிமாண்ட் கிடையாது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தவிக்க வேண்டாம், கைது, ரிமாண்ட் கட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இலவசமாக வழக்கறிஞர் தருகிறது.

உங்கள் மாமியாரின் பயத்தை வெறும் வயதானவர் பயம் என்று தள்ளாதீர்கள். மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக நடந்த 2007 நவம்பர் 25 இண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர் அவர். அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையே இல்லாமல் ஒரு மனிதனை இரண்டு வருடம் வைத்திருக்கலாம், மறுபடியும் நீட்டிக்கலாம். அந்தச் சட்டம் 2012-ல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த சோஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தில் 28 நாள் வரை வைத்திருக்க முடியும், ஆனால் அது பாதுகாப்புக் குற்றங்களுக்கு, கார் நிறுத்துமிடச் சண்டைக்கு அல்ல. இதை அவருக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். மகன் சொன்னால் சண்டையில்தான் முடியும்.

கம்பெனிக் கடிதம்

அவராக ராஜினாமா செய்தால் அது பணிநீக்கம் ஆகாது, 16 வருடம் கையை விட்டுப் போய்விடும். நீக்கினால், தொழில்துறை உறவுச் சட்டம் 1967-ன் 20-ஆவது பிரிவின்கீழ் முறையிடலாம், தகுந்த காரணம் இருந்ததா என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். நீக்கிய நாளிலிருந்து 60 நாள்தான் கெடு, 61-ஆவது நாள் போனால் கதவு மூடிவிடும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பதிலில் உரிமை, சுதந்திரம் என்று எழுத வேண்டாம். வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தப் போனில், குடியிருப்பு விஷயமாகப் பேசினேன், கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை, சட்டை மாற்ற நேரமில்லை, அதற்கு வருந்துகிறேன், 16 வருடத்தில் என் மேல் ஒரு புகாரும் இல்லை. இவ்வளவு போதும், ஒரு பக்கம். அந்தப் பிரமுகர் காசு வாங்கினாரா என்ற பேச்சே அதில் வரக் கூடாது, ஏனென்றால் அந்தக் கடிதம் நாளை வேறொரு வழக்கில் காட்டப்படலாம். உள் விசாரணை வைத்தால் போகட்டும், அதற்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தால் இரண்டு வாரம்தான் முடியும், அந்த நாட்களில் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும். அவர் தொழிற்சங்கத்தில் இருந்தால் இன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

அந்தத் திடல்

இத்தனை களேபரத்தில் திடலை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, தீபகற்பத்தில் சிலாங்கூரிலும் பினாங்கிலும்தான் முதலில் கொண்டுவந்தார்கள். மாநில அரசுத் துறைகளிடமிருந்து ஆவணங்களை விண்ணப்பித்துக் கேட்கலாம். அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்று நில அலுவலகத்தில் தேடல் எடுக்கலாம். திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்றும் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம், குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில், தலைவர் கையெழுத்தோடு போகட்டும். வரும் ஆவணங்கள் அவதூறு வழக்கிலும் தேவைப்படலாம்.

கம்பெனிக்கு எழுதும் பதிலை அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் படித்துச் சொல்கிறேன்.